எனக்கு ஒத்துவந்த லினக்ஸ் டெஸ்க்டாப்: தேர்ந்தெடுத்த விதமும் மாற்றியமைத்த விதமும்

லினக்ஸ் நிறுவப் போகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது ‘எந்த டிஸ்ட்ரோ?’ என்றுதான், அதாவது லினக்ஸின் எந்தத் தொகுப்பு என்று. என்னைக் கேட்டால் டெஸ்க்டாப்பை, அதாவது மெனு, பேனல், விண்டோக்கள் எல்லாம் சேர்ந்த திரைச் சூழலைத்தான் முதலில் முடிவு செய்யச் சொல்வேன். உபுண்டுவோ ஃபெடோராவோ டெபியனோ, உள்ளே க்னோம் என்ற டெஸ்க்டாப் இருந்தால் அன்றாடம் கை பழகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதே டெபியனில் ஒரு நாள் க்னோம், மறுநாள் எக்ஸ்எஃப்சிஇ என்று உட்கார்ந்து பாருங்கள், இரண்டும் வேறு வேறு கணினிகள் என்றே தோன்றும்.

என் வேலை எழுதுவதும் திருத்துவதும். பெரும்பகுதி தமிழ், நடுநடுவே ஆங்கிலம். ஒரு பக்கம் மூலப் பிரதி, இன்னொரு பக்கம் என் வரைவு, ஓரத்தில் அகராதி என்று எப்போதும் மூன்று விண்டோக்கள் திறந்திருக்கும். மடிக்கணினியின் திரை அடர்த்தி கூடியது. அதோடு இணைத்திருக்கும் மானிட்டர் சாதாரணமானது. இதையெல்லாம் முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை தடங்கலில்லாமல் வேலை செய்ய வேண்டும். இரண்டு திரைகளிலும் எழுத்து ஒரே அளவில் தெரிய வேண்டும். விண்டோக்கள் நான் சொன்ன இடத்தில் போய் நிற்க வேண்டும். கை விசைப்பலகையை விட்டு அதிகம் நகரக் கூடாது. அழகு அந்தத் தாளில் கடைசி வரி. ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்து முடிவெடுக்காமல் இருக்க அந்தத் தாள் பெரிய துணையாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் வால்பேப்பர் தெரியும், ஐகான் தெரியும். மொழி மாற்றும் விசையை அழுத்தியதும் உடனே மாறுகிறதா என்பது தெரியாது.

இத்தனை டெஸ்க்டாப்கள் ஏன் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிறது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். அது கியூட்டி என்ற நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. கியூட்டியின் உரிமம் அப்போது கட்டற்ற மென்பொருளுக்குரியதாக இல்லை. அதனால் 1997-இல் மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் ஜிடிகே நூலகத்தை வைத்து க்னோமைத் தொடங்கினார்கள். உரிமச் சிக்கல் பிற்பாடு தீர்ந்துவிட்டது, ஆனால் இரண்டு குடும்பங்களும் அப்படியே நிலைத்துவிட்டன. 2011-இல் க்னோம் 3 பழைய மெனுவையும் பணிப்பட்டையையும் கைவிட்டபோது, பழைய முறை வேண்டும் என்றவர்களுக்காக க்னோம் 2-இன் நிரல் மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தது. லினக்ஸ் மின்ட் குழு சின்னமனை உருவாக்கியது. இந்த வரலாறு தெரிந்ததும் என் பட்டியல் சுருங்கிவிட்டது: க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, ஓரமாகச் சின்னமன்.

சோதிக்க முதலில் லைவ் யுஎஸ்பி, அதாவது கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது. வென்டாய் என்ற கருவியைப் போட்ட ஒரு பென்டிரைவில் பல டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் துவக்கலாம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்க்க அது போதும். ஆனால் ஒரு டெஸ்க்டாப் நமக்கு ஒத்துவருமா என்பது வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால் அடுத்த கட்டமாக ஒரே நிறுவலில் மூன்று டெஸ்க்டாப்களையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பயனர் கணக்கு உருவாக்கினேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்பேன். ஒரே கணக்கில் மாறி மாறி நுழைந்தால், ஹோம் அடைவில் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளில் ஒன்று எழுதியதை இன்னொன்று மாற்றும். ஜிடிகே தீம் குழம்பும், பிடிஎஃப் எதில் திறக்க வேண்டும் என்பது மாறிப்போகும், அப்புறம் குறை எந்த டெஸ்க்டாப்புடையது என்றே சொல்ல முடியாது. தனிக் கணக்கு என்றால் பிடிக்காததை அடியோடு நீக்கிவிடலாம். என் உண்மையான வேலைக் கோப்புகளைப் பொது அடைவு ஒன்றில் வைத்து எல்லாக் கணக்குகளிலிருந்தும் திறந்தேன்.

க்னோமில் தொடங்கினேன். கவனம் சிதறாமல் எழுத இதைப் போல ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) தட்டினால் எல்லா விண்டோக்களும் பரவி நிற்கும், நாலு எழுத்து அடித்தால் செயலி திறக்கும். பணியிடங்கள் தேவைக்கேற்பத் தாமாக முளைத்துத் தாமாக மறையும். டச்பேடில் மூன்று விரலால் தள்ளிப் பணியிடம் மாறுவது அத்தனை இதமாக இருக்கிறது. தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ் இதனுள்ளேயே இணைந்திருப்பதால் அமைப்புகளில் தமிழைச் சேர்த்ததும் சூப்பரும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் க்னோம் தன் வழியை நம்மிடம் உறுதியாகச் சொல்லும் டெஸ்க்டாப். மினிமைஸ் பொத்தான் இல்லை, டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லை. வேண்டுமென்றால் ட்வீக்ஸ் செயலியிலோ எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் மூலமாகவோ சேர்த்துக்கொள்ள வேண்டும். டேஷ் டு டாக், டேஷ் டு பேனல் போன்றவை நல்ல எக்ஸ்டென்ஷன்கள். இவை க்னோமின் உள் நிரலோடு நேரடியாக ஒட்டி வேலை செய்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும்போது அவற்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. 2023-இல் க்னோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன்கள் எழுதும் முறையே மாறி, எல்லாவற்றையும் புதிதாகத் திருத்த வேண்டி வந்தது. எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் க்னோம் உங்களுக்குப் பிடிக்கிறதா? அப்படியானால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு விண்டோக்களைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன்களாவது வேண்டியிருந்தன, அதனால் தயங்கினேன்.

எக்ஸ்எஃப்சிஇ எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சொன்னதை மட்டும் செய்யும், சத்தமில்லாமல் ஓடும், பத்து ஆண்டு முந்தைய கணினியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். விஸ்கர் மெனுவும் துனார் கோப்பு மேலாளரும் கச்சிதமானவை. என் தாளின் இரண்டாவது வரிதான் குறுக்கே வந்தது. விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் ஒரு திரைக்கு ஓர் அளவு, இன்னொன்றுக்கு வேறு அளவு என்று பிரித்துத் தர நல்ல வழி இல்லை. எக்ஸ்எஃப்சிஇ-யின் அமைப்பில் ஒன்று அல்லது இரண்டு மடங்கு என்று தேர்வு செய்யலாம், எழுத்துருவின் அளவைத் தீர்மானிக்கும் டிபிஐயை ஏற்றி இறக்கலாம்; எதைச் செய்தாலும் அது இரண்டு திரைகளுக்கும் சேர்த்துத்தான். மடிக்கணினிக்குச் சரிசெய்தால் மானிட்டரில் எழுத்து பூதாகரமாகும். 2024 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில், எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்ட் முறைக்கான ஆதரவு தொடக்க நிலையில் வந்திருக்கிறது. ஒரே திரை வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அவர் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தாராளமாக எடுக்கலாம். சின்னமனும் இதே காரணத்தால் விலகியது. அதன் வேலண்ட் அமர்வு சோதனை நிலையில்தான் இருந்தது.

மிஞ்சியது பிளாஸ்மா. வேலண்ட் அமர்வில் மடிக்கணினிக்கு 150 சதவீதம், மானிட்டருக்கு 100 சதவீதம் என்று வைத்ததும் எழுத்து இரண்டிலும் ஒரே உயரத்தில் தெரிந்தது. ஒரு விண்டோவை இங்கிருந்து அங்கே இழுத்தால் போகிற வழியிலேயே அளவு சரியாகிவிடும்.

பிளாஸ்மாவைப் பற்றிப் பலர் சொல்லும் குறை, அமைப்புகள் கடல் போலக் கிடக்கின்றன என்பது. உண்மைதான். அதற்கு நான் வைத்துக்கொண்ட வழி, ஒரு தொந்தரவு கண்ணில் பட்டால் மட்டும் அதற்கான அமைப்பைத் தேடுவது. ஒரு மாற்றம் செய்தால் சில நாள் அதிலேயே வேலை செய்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுவது. அமைப்புகள் விண்டோவின் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டினால் உரிய பக்கம் வந்து நிற்கும், மெனு மெனுவாக அலைய வேண்டாம்.

அப்படிச் செய்ததில் எனக்கு அதிகம் உதவியது விண்டோ விதிகள். வேலண்டில் ஒரு செயலி தன் விண்டோ எங்கே திறக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்க முடியாது. அது விண்டோ மேலாளரின் பொறுப்பு. பிளாஸ்மாவில் அந்த மேலாளர் கேவின். அகராதி விண்டோவின் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து, கூடுதல் செயல்கள் என்ற பகுதிக்குப் போனால் அந்தச் செயலிக்கென்று விதி எழுதலாம். நான் இடம், அளவு, மற்ற விண்டோக்களுக்கு மேலே நிற்பது என்ற மூன்றைச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எப்படிச் செயல்பட வேண்டும் என்று கேட்கும். கட்டாயம் என்று வைத்தால் விண்டோவை நகர்த்தவே முடியாது. திறக்கும்போது மட்டும் என்று வைத்தால் உரிய இடத்தில் திறக்கும், பிறகு நம் விருப்பத்துக்கு நகர்த்தலாம். அகராதிக்கு நான் வைத்தது இரண்டாவது. மூலமும் வரைவும் அருகருகே நிற்க மெட்டா விசையும் (பிளாஸ்மாவில் சூப்பர் விசையின் பெயர்) டியும் அழுத்தித் திரையைப் பாகம் பிரித்தேன், 5.27 பதிப்பில் வந்த வசதி இது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் அந்தப் பாகத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். மூலத்துக்குக் கொஞ்சம் குறுகலாக, வரைவுக்கு அகலமாகப் பிரித்திருக்கிறேன்.

இனி தமிழ். இதில்தான் அதிக நேரம் போனது. தமிழ்99 லினக்ஸில் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பு. அதில் ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். இன்னொன்று, ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ்5 போன்ற உள்ளீட்டு முறை. இவை எம்17என் நூலகத்தின் தமிழ் விசைப்பலகைகளைப் பயன்படுத்தலாம். தமிழ்99-இன் சிறப்பே புள்ளி தானாக விழுவது. அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’ வர வேண்டும். ப, ந, த, உ என்று அடித்தால் ‘பந்து’ வர வேண்டும். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் இந்த வேலையை எக்ஸ்கேபியால் செய்ய முடியாது. அதனால் வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் உள்ளீட்டு முறையைத்தான் நாட வேண்டும்.

பிளாஸ்மாவில் நான் எடுத்தது எஃப்சிட்எக்ஸ்5. நிறுவினால் மட்டும் போதாது. வேலண்டில் உள்ளீட்டு முறையைக் கேவின்தான் துவக்க வேண்டும். அதற்கான இடம் விசைப்பலகை அமைப்புகளில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற பக்கத்தில் இருக்கிறது. திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான பக்கம் என்றுதான் எவருக்கும் தோன்றும், இங்கே வந்து தேட வேண்டும் என்று நினைக்கவே மாட்டோம். அங்கே எஃப்சிட்எக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி நுழைந்ததும் கேட் என்ற உரைத் திருத்தியில் தமிழ் வந்தது. எக்ஸ்11 காலக் குறிப்புகளைப் பார்த்து ஜிடிகே, கியூட்டி இரண்டுக்கும் சூழல் மாறிகள் எழுதி வைத்திருப்பவர்கள் பிளாஸ்மா வேலண்டில் அவற்றை எடுத்துவிடுவது நல்லது. குரோமியம் வகை உலாவிகள் பழைய எக்ஸ் வழியில் ஓடாமல் வேலண்டில் ஓட வேண்டும். வேலண்ட் உள்ளீட்டுக்கான விருப்பத்தைத் துவக்கக் கட்டளையில் சேர்த்ததும் அவற்றிலும் சரியானது. மொழி மாற்ற, எனக்குப் பயன்படாத கேப்ஸ் லாக் விசையைக் கொடுத்துவிட்டேன்.

எழுத்துரு அடுத்தது. மெனுக்களுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், எழுத்துருத் தேர்வைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருக்களில் ஒன்றை எடுத்து நிரப்பும். கோப்புப் பெயர் ஒரு தடிமனிலும் உலாவி வேறு தடிமனிலும் தெரிவதற்கு அது காரணம். எஃப்சி-மேட்ச் என்ற கட்டளையிடம் தமிழுக்கு எதைத் தேர்வாய் என்று கேட்டால் பதில் சொல்லும். ஹோம் அடைவிலேயே ஒரு ஃபான்ட்கான்ஃபிக் கோப்பு எழுதி, சான்ஸ் வகைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், செரிஃப் வகைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று முன்னுரிமை தந்தேன். உயரம் குறைந்த பேனலில் ‘மீ’யின் மேல் சுழியும் ‘கூ’வின் கீழ்ப் பகுதியும் வெட்டுப்பட்டன. பேனலைச் சற்று உயர்த்தியதும் சரியாகிவிட்டது. நெருக்கமான இடங்களுக்கென்றே நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ என்று ஒன்று உண்டு, அதையும் முயன்று பாருங்கள்.

தீம் விஷயத்தில் நான் அடக்கி வாசிக்கிறேன். பிளாஸ்மாவின் சொந்த பிரீஸ் தீம், பகலில் வெளிர், இரவில் கருப்பு, அவ்வளவுதான். பிளாஸ்மாவின் குளோபல் தீம் என்பது வெறும் நிறமும் படமும் அல்ல, அதற்குள் நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீம் பயனர் ஒருவரின் கோப்புகளை அழித்துவிட்டது. கேடிஇ குழுவே பயனர்களை எச்சரித்தது. நிறத்தொகுப்பு, ஐகான், வால்பேப்பர் என்று தனித்தனியாக எடுப்பது போதும். குளோபல் தீம் வேண்டும் என்றால் முதலில் சோதனைக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்த பிறகு காப்புப் பிரதி எடுக்காமல் விடக் கூடாது. க்னோமில் டிகான்ஃப் கட்டளை எல்லா அமைப்புகளையும் ஒரே உரைக்கோப்பாகக் கொட்டித் தரும், திரும்ப ஏற்றவும் செய்யும். பிளாஸ்மா அவற்றைப் பல கோப்புகளில் வைத்திருக்கிறது: விண்டோ விதிகளுக்கு ஒன்று, குறுக்குவிசைகளுக்கு ஒன்று, பேனல்களுக்கு ஒன்று. இவற்றோடு எஃப்சிட்எக்ஸ்5 அடைவையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் போட்டிருக்கிறேன். இன்னொரு கணினியில் அவற்றை நகலெடுத்து நுழைந்தபோது விதிகளும் கேப்ஸ் லாக்கும் வைத்தபடியே வந்துவிட்டன. திரைகளை வரிசைப்படுத்தி, பேனலை உரிய மானிட்டருக்கு நகர்த்துவது மட்டும் கையால் செய்ய வேண்டியிருந்தது.