சீலாவும் வஞ்சிரமும்

'இங்கே இன்ட் சுட்டி வர வேண்டும். வந்திருப்பது இன்ட் சுட்டி.' நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் எங்கள் கம்பைலர் அன்று காட்டிய பிழைச்செய்தி இது. இன்ட் என்றால் முழு எண், அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டுவது சுட்டி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மாமா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, இரண்டு நாள் இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினேன்.

கம்பைலருக்குள் ஒவ்வொரு தரவு வகையும் நினைவகத்தில் ஒரு பொருள். சுட்டி என்ற பொருள் தனக்குள் இன்ட் என்ற பொருளின் முகவரியை வைத்திருக்கும். அணிகளும் (அர்ரே) ஃபங்ஷன்களும் இப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக எழும்புகின்றன. இரண்டு வகைகள் ஒன்றுதானா என்று அறிய ஒவ்வொரு முறையும் அடிவரை இறங்கிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. அதனால் ஒரு பொது அட்டவணை உண்டு. வகை வேண்டுமென்றால் அதனிடம் கேட்க வேண்டும். இருந்தால் இருப்பதையே தரும், இல்லாவிட்டால்தான் உருவாக்கும். பிறகு முகவரிகளை ஒப்பிட்டாலே போதும். ரஸ்ட் மொழியின் கம்பைலரும் இந்த வழியில்தான் செல்கிறது. எங்கள் கம்பைலரிலோ, சேமித்த கோப்பிலிருந்து வகைகளை மீட்கும் பகுதி அட்டவணையைக் கேட்காமல் தானே புதுப்பொருள் செய்துகொண்டிருந்தது. ஒரே வகைக்கு இரண்டு முகவரிகள். திருத்தம் நான்கு வரிகள்தான்.

இந்த முகவரிகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு சி, சி++ மொழிகளுக்கான கிளாங் கம்பைலரில் இருக்கிறது. அங்கே வகைப்பொருள்கள் 16 பைட் எல்லைகளில், அதாவது 16-ஆல் வகுபடும் முகவரிகளில், அமர்வதால் முகவரியின் கடைசி 4 பிட்கள் எப்போதும் பூஜ்யம். அந்தக் காலியிடத்தில்தான் 'கான்ஸ்ட்' (மாற்றக்கூடாதது), 'வாலடைல்' (தானாக மாறக்கூடியது) போன்ற அடைமொழிகள் குடியிருக்கின்றன. கான்ஸ்ட் சேர்க்கப் புதுப்பொருளே வேண்டாம். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத சிக்கனம்.

திருத்திய வேகத்தில் நான் ஒரு படி அதிகமாகப் போனேன். ஒரு வகைக்கு இன்னொரு பெயர் சூட்டும் டைப்டெஃப் வழியாக வந்த மாற்றுப்பெயர்களையெல்லாம் நுழைவாயிலிலேயே கழற்றிவிட்டு, அடிப்படை வகையை மட்டும் வைத்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. ஆனால் 'அன்சைன்ட் லாங்' வகையின் மாற்றுப்பெயரான 'சைஸ்_டி' என்று எழுதியவருக்குப் பிழைச்செய்தி 'அன்சைன்ட் லாங்' என்று வந்தது. அவர் நிரலில் எங்குமே இல்லாத சொல்! குழுவின் மூத்தவர் மாற்றத்தைத் திருப்பி அனுப்பினார். முதலில் எனக்குக் கோபம்தான்.

மறுநாள் விடியற்காலையில் மாமாவோடு ஏலக்கரைக்குப் போனேன். சீலா மீன் வந்து இறங்கியிருந்தது. மாமா நோட்டில் 'சீலா' என்று எழுதிய கையோடு சென்னை வியாபாரியைப் போனில் அழைத்து, "வஞ்சிரம் வந்திருக்கிறது, அனுப்பட்டுமா?" என்றார். அடுத்து கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். அவரிடம் அதே மீன் நெய்மீன்.

"ஏன் மாமா, எல்லாரிடமும் சீலா என்றே சொன்னால் என்ன?"

"நோட்டில் ஒன்றாக இருந்தால் போதும், தம்பி. வாங்குகிறவனுக்கு அவன் வாயில் இருக்கிற பேரைச் சொல்ல வேண்டாமா?"

வீடு திரும்பியதும் மாற்றுப்பெயரையும் தனிப்பொருளாகவே விட்டு, அடிப்படை வகையின் முகவரியை அதற்குள் ஒரு புலமாக வைத்தேன். ஒப்பிடும்போது அந்தப் புலம், செய்தி எழுதும்போது மேலிருக்கும் பெயர். கிளாங் செய்வதும் இதுவே. அதே பிழையை மீண்டும் தூண்டிப் பார்த்தேன். 'சைஸ்_டி, அதாவது அன்சைன்ட் லாங்' என்று வந்தது.