1500 பாட் படகும் ஓசியில் கிடைத்த வாய்க்காலும்

ஒரு மணி நேரத்துக்கு 1,500 பாட். பாங்காக் படித்துறையில் படகுக்காரர் கால்குலேட்டரில் தட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார். நம்மூர்க் காசுக்கு ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். எவ்வளவு பேரம் பேசியும் 1,400க்குக் கீழே வரவில்லை. சரி, கால் இருக்கிறது, வாய்க்கால் கரையில் நடந்தே படம் எடுக்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்தப் படகில் ஏறினாலும் படம் எடுக்க முடியாது என்பது என் கருத்து. முந்தின நாள் இன்னொரு படகில் பலரோடு பங்கு போட்டுப் போயிருந்தேன். கார் எஞ்சினைத் தூக்கிப் பின்னால் மாட்டி, நீளக் கம்பி முனையில் விசிறி வைத்த வண்டி அது. காது அடைத்தது, லென்ஸில் தண்ணீர் தெறித்தது. எடுத்த படங்களில் பாதி முன்னால் இருந்தவரின் தொப்பி.

எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ நீல வழித்தடத்தில் பாங் பாய் நிலையம். 2019இல் ரயில் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததால் ஆட்டோ, டாக்ஸிக்காரர் தயவு வேண்டாம். இறங்கி, சந்துகளுக்குள் நடந்தால் வாய்க்கால். வட்டாரத்தின் பெயர் பாசிச் சரோன். தண்ணீர் நிறத்தைப் பார்த்துப் பொருத்தமான பெயர் என்று சிரித்தேன். அவர்கள் மொழியில் பாசி என்றால் வரியாம்!

பாங் லுவாங் என்று உள்ளூரில் சொல்லும் இந்த வாய்க்கால் வெட்டியதே அல்ல, பழைய ஆறு. இப்போது பெரிய படகுகள் போகும் சாவோ பிரயா ஆற்றின் அகலமான பகுதிதான் 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய குறுக்கு வழி. தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட, ஆறு இங்கே வாய்க்காலாக இளைத்துவிட்டது. அதனால்தான் நேராக ஓடாமல் இஷ்டத்துக்கு வளைகிறது. படம் எடுப்பவனுக்கு அந்த வளைவுதான் வரம். காலை ஏழரைக்கு ஒரு கரை முழுக்க வெயில், எதிர்க்கரை முழுக்க நிழல். பத்தடி நடந்தால் எல்லாம் மாறிவிடும்.

கரையோரம் ஒல்லியான சிமெண்ட் நடைபாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வீட்டுத் திண்ணை. கொடியில் பள்ளிச் சீருடை, பெயிண்ட் டப்பாவில் கற்றாழை, தூங்கும் நாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூரைகளுக்கு மேலே பாக்நாம் கோயிலின் 69 மீட்டர் புத்தர் எட்டிப் பார்க்கிறார். உட்கார்ந்து துணி பிழிகிற பெண்ணுக்குப் பின்னால் அவரை ஃபிரேமில் வைக்கக் கால் மணி நேரம் போனது. இதற்குள் பின்னாலிருந்து மோட்டார் பைக். ஆமாம், அந்த நடைபாதையிலேயே! சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டேன்.

பல்லி என்றதும் ஞாபகம் வருகிறது. முதலை என்று நினைத்து நான் அலறியது ஆளுயர நீர் உடும்பு. அதன் தாய்லாந்துப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது கெட்ட வார்த்தை.

ஆட்களைப் படம் எடுக்க ஒரு வாக்கியம் போதும்: “தாய் ரூப் டாய் மாய்?” படம் எடுக்கலாமா என்று அர்த்தம். அந்த ரூப் நம் ரூபம்தான், மறக்காது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டு எடுத்தேன். திரையில் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனார். தலை வாரி, முகத்தில் பவுடர் அப்பி, ரேஷன் கார்டுக்குப் போஸ் கொடுப்பதுபோல விறைப்பாக வந்து உட்கார்ந்தார். முதலில் எடுத்ததுதான் நல்ல படம். அவருக்குப் பிடித்தது இரண்டாவது.

சாப்பாடு: முக்கு வண்டிக்கடையில் துளசி போட்டு வதக்கிய கோழி, சோறு, மேலே மொறுமொறு முட்டை. 60 பாட். அந்த ஊர்த் துளசி நம் துளசியைவிடக் காரம். கண்ணில் தண்ணீர் வந்தும் தட்டை வழித்தேன். சுற்றுலாத் தெருவில் இதையே சப்பென்று செய்து 180 வாங்குகிறார்கள். அநியாயம்.

செலவுக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டேனே. ரயில் போக வர, சோறு, ஐஸ் காபி இரண்டு, கோயில் படித்துறை மீனுக்கு ரொட்டி எல்லாம் சேர்த்து 250 பாட்டைத் தாண்டவில்லை. அதில் ரொட்டிக்குக் கொடுத்த 20 பாட் வீண். அந்த மீன்கள் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துக் கிடக்கின்றன.