ஒரு குதிகால், ஒரு ஆணி

ரோமானியர்கள் சிலுவையில் அறைந்து கொன்றவர்களுக்குக் கணக்கே இல்லை. ஸ்பார்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகள் கலகம் அடங்கிய கி.மு. 71-ல் மட்டும் பிடிபட்ட அடிமைகள் 6000 பேர், கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகவே! ஆனா எலும்புச் சாட்சி என்று கிடைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதில் பிரபலமானது 1968-ல் ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு குகைக் கல்லறையில் கிடைத்தது. கல்லால் ஆன எலும்புப் பெட்டி, மேலே யெஹோஹனான் என்று பெயர் கீறியிருக்கிறது. வயது இருபதுகளில். வலது குதிகாலில் பக்கவாட்டாக இறங்கிய இரும்பு ஆணி, 11.5 செ.மீ. நீளம். ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சின்ன மரத்துண்டு. கால் உருவிக்கொண்டு வராமலிருக்க வாஷர் மாதிரி! எவ்வளவு பழகிய கை பாருங்கள்.

ஆணி முனை வளைந்துபோயிருந்ததால் பிடுங்க முடியவில்லை போலிருக்கிறது. அப்படியே புதைத்துவிட்டார்கள், நமக்கும் கிடைத்தது. 1985-ல் மறுபடி ஆராய்ந்தபோது, கம்பத்தின் இருபக்கமும் ஒவ்வொரு காலாக வைத்து அறைந்திருக்கலாம் என்றார்கள். கை எலும்புகளில் ஆணித் தடயமே இல்லை, கயிற்றால் கட்டியிருக்கலாம். (நாம் பார்த்து வளர்ந்த படங்களில் எல்லாமே நேரெதிர்.)

மற்றவர்கள் எங்கே போனார்கள்? பல உடல்களைச் சிலுவையிலிருந்து கீழே இறக்கவே விடவில்லை. நாய்க்கும் பறவைக்கும் போவதும் தண்டனையில் சேர்த்தி. கயிற்றால் கட்டப்பட்டவன் எலும்பில் தடயமும் இருக்காது.

2017-ல் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டன்டனில் இதேபோல் இன்னொரு குதிகால், ஆணியோடு. அந்த ஆளின் கால் எலும்புகளில் விலங்கு மாட்டியதற்கான அறிகுறியும் உண்டு, அடிமையாக இருக்கலாம் என்கிறார்கள்.