போய் லெட்டர் போடுகிறோம்

2023 ஜூன் 14 அன்று இரவு என் மகன் தூங்கவில்லை. போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்தாம் வகுப்பை முடித்த பையன்களுக்கு, மூன்று அடுக்கில் மேலடுக்கான டிவிஷன் ஒன் கல்லூரிகளின் கூடைப்பந்து கோச்சுகள் நேரடியாகப் போன் பண்ணலாம், மெசேஜ் அனுப்பலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ குறித்துவைத்திருக்கும் நாள் ஜூன் 15. நல்ல ஆட்டக்காரர்களுக்கு நள்ளிரவு தாண்டியதுமே மெசேஜ் கொட்டும். இவனுக்கும் 12 மணி 4 நிமிடத்துக்கு ஒன்று வந்தது. பக்கத்துத் தெரு நண்பன்: "உனக்கு வந்துச்சாடா?"

மறுநாள் பதினோரு மணிக்குத்தான் நிஜமான ஒன்று வந்தது. மூன்று மணி நேரம் தள்ளியுள்ள ஒரு டிவிஷன் ஒன் கல்லூரியின் அசிஸ்டென்ட் கோச். "உன் ஆட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது." நான் பள்ளியில் த்ரோபால் ஆடியவள். கூடைப்பந்தில் அப்போது எனக்குத் தெரிந்தது பந்து வலைக்குள் விழ வேண்டும் என்பது மட்டும்தான். அதனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, பையனுக்கு காலேஜ் சீட் கிடைத்த மாதிரி பேசிவிட்டேன். அக்கா கேட்டாள்: "பணம் எவ்வளவு தர்றாங்களாம்?"

சரியான கேள்வி. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். மகன் பள்ளி அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துச்சென்று ஆட்டத்தை நடத்துகிறவன். உயரம் ஆறடி ஒன்றரை அங்குலம். அணியின் இணையப் பக்கத்தில் ஆறடி மூன்று. (ஷூ, முடி, நம்பிக்கை எல்லாம் சேர்த்து.) குளிர்காலத்தில் பள்ளி அணி. வசந்தத்திலும் கோடையிலும் ஏஏயூ என்று எல்லோரும் சொல்கிற கிளப் அணி. கோச்சுகள் ஆள் தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் மூன்றும் ஆளுக்கொரு போட்டித் தொடர் நடத்துகின்றன. அவற்றில் ஆடும் அணியில் இடம் கிடைத்தால் கோச்சுகள் தானாக வருவார்கள். எங்கள் கிளப் அந்த வரிசையில் இல்லை. ஹோட்டல், பெட்ரோல் செலவெல்லாம் நம்முடையது. பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க வாசலில் டிக்கெட்டும் வாங்க வேண்டும்.

ஜூலையில் 'லைவ் பீரியட்' என்று சில நாட்கள் வரும். கோச்சுகள் நேரில் வந்து பார்க்க அனுமதி உள்ள நாட்கள் அவை. விமான நிலையம் அளவுக்கு ஒரு மண்டபம், அதற்குள் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஆடுகளங்கள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விசில். பேஸ்லைன் ஓரத்து மடக்கு நாற்காலிகளில் கல்லூரிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டோடு கோச்சுகள். அங்கே அவர்கள் பையன்களிடமோ பெற்றோரிடமோ உட்கார்ந்து பேசக் கூடாது என்பது விதி. தெரியாமல் நான் ஒருவரிடம் போய், "நான் இன்னாரோட அம்மா" என்று ஆரம்பித்தேன். மனிதர் ஒரு புன்னகையோடு காபி மெஷின் பக்கம் நழுவினார். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த அசிஸ்டென்ட் கோச் மட்டும் வாரம் தவறாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். 2023 இலையுதிர்காலத்தில் கல்லூரிக்கே கூப்பிட்டார். 'அன்அஃபிஷியல் விசிட்', அதாவது போக்குவரத்தும் சாப்பாடும் நம் செலவு. உடைமாற்றும் அறையில் இவன் பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிவைத்திருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது தலைமை கோச் கைகுலுக்கி, "தொடர்பில் இருப்போம்" என்றார்.

பெண் பார்க்க வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று எழுந்துபோகிறவர்களை எங்கள் கூடத்திலேயே நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அக்காவுக்கு மட்டும் நான்கு தடவை. அதே குரல், அதே கைகுலுக்கல். ஆங்கிலத்தில் சொன்னதால் எனக்குப் பிடிபடவில்லை.

2024 மார்ச் கடைசியில் மெசேஜ் நின்றது. சண்டையில்லை, "வேண்டாம்" என்ற சொல்லும் இல்லை. மகன் அனுப்பியவை படிக்கப்பட்டன, பதில் மட்டும் வரவில்லை. ஏப்ரலில் அந்தக் கல்லூரி இவன் இடத்தில் ஆடும் மூன்று கார்டு ஆட்டக்காரர்களைப் புதிதாகச் சேர்த்திருப்பதாக அவர்களே அறிவித்தார்கள். மூவரும் வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடியவர்கள். ஒருவருக்கு 23 வயது.

அன்றைக்குத்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் பற்றி உட்கார்ந்து படித்தேன். 2018 அக்டோபரில் தொடங்கிய பட்டியல் அது. அணி மாற விரும்பும் வீரர் தன் பெயரை அதில் போடுகிறார். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு தடவை மாறுவதற்கு அந்தத் தண்டனையை எடுத்தார்கள். 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. அதோடு, கோவிட் சமயத்தில் ஆடியவர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். டிவிஷன் ஒன் ஆண்கள் அணிக்கு அப்போது இருந்ததே 13 ஸ்காலர்ஷிப். கல்லூரி ஆட்டத்தில் நான்கு வருடம் அடிபட்டுத் தேறிய 23 வயது ஆளை எடுப்பதா, மீசை அரும்பும் என் பையனை எடுத்து இரண்டு வருடம் வளர்ப்பதா? தோற்றால் வேலை போகும் கோச்சின் இடத்தில் நான் இருந்தாலும் முதல் ஆளைத்தான் எடுத்திருப்பேன். என் வருத்தம் அதில் இல்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம். அவ்வளவுதான்.

இவன் ஏஏயூ கோச் அதிகம் பேசமாட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கே வந்து, இனி யார் மெசேஜ் அனுப்பினாலும் மூன்று கேள்வி கேள் என்றார். உங்கள் பட்டியலில் என் இடத்துக்கு நான் எத்தனையாவது ஆள்? இந்த வருடம் பள்ளியிலிருந்து எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள்? என் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமா? மூன்றாவதுதான் முக்கியமாம். மதிப்பெண் பட்டியலைக் கேட்காத கோச் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம் என்றார். ஜாதகம் கேட்காத சம்பந்தம் என்று நான் எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

வீடியோவையும் அவர்தான் மாற்றச் சொன்னார். இவன் செய்துவைத்திருந்தது ஆறு நிமிடம், காது கிழியும் பாட்டு, ஒரே டங்க்கை (எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அமுக்குவது) மூன்று கோணத்தில் ஸ்லோ மோஷனில் காட்டியது. அதை மூன்று நிமிடமாக வெட்டினோம். பாட்டு கிடையாது. முதலிலேயே பெயர், உயரம், மதிப்பெண் சராசரி, போன் எண். பாதிக்குமேல் தடுப்பாட்டமும் பாஸும். கடைசியில் ஆட்ட வீடியோக்களுக்கான ஹடல் தளத்தில் இரண்டு முழு ஆட்டங்களுக்கு லிங்க். தோற்ற ஆட்டம் ஒன்றும் அதில் உண்டு. தோற்கும்போது பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்றும் பார்ப்பார்களாம்.

நாற்பது கல்லூரிகளுக்கு அவனே எழுதினான். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அம்மா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்றான். அந்தக் கோடையில் 'உங்கள் மகனைத் தனிப்பட்ட முறையில் தேர்ந்தெடுத்து அழைக்கிறோம்' என்று கேம்ப் கடிதங்கள் வேறு வந்துகொண்டே இருந்தன. ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனோம். தனிப்பட்ட முறையில் அழைக்கப்பட்ட இருநூறு பேர் அங்கே வரிசையில் நின்றார்கள்.

நாற்பதில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டவர்கள் ஐந்து பேர். ஐந்தும் டிவிஷன் மூன்று. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. படிப்புக்கான உதவித்தொகையும், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும்தான். மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. என் கணவர் அவனிடம் கணக்கைக் காட்டினார்: இந்த நாட்டில் பள்ளி அணிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், என்சிஏஏவின் மூன்று டிவிஷன்களையும் கூட்டினாலும் இடம் இருபதாயிரத்துக்குள். கணக்கு அவனைத் தேற்றவில்லை. ஐவரில் ஒரு கோச் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவந்து, ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிப் பயிற்சியைப் பார்த்துவிட்டுப் போனார். அது தேற்றியது.

அவர் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியின் அட்மிஷன் ஆபீஸுக்கு முன்கூட்டியே அனுப்பினார். 'ப்ரீ-ரீட்' என்கிறார்கள்: விண்ணப்பிக்கும் முன்பே, இந்தப் பையன் தேறுவானா என்று ஆபீஸ் ஒரு பார்வை பார்த்துச் சொல்வது. பச்சைக்கொடி வந்ததும் உதவித்தொகை எவ்வளவு தேறும் என்ற மதிப்பீட்டையும் கேட்டு வாங்கினோம். (அக்கா, கவனிக்கவும்.) பிறகுதான் 'எர்லி டிசிஷன்' விண்ணப்பம், அதில் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரில் கிடைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், பையன்கள் தொப்பி போட்டுக்கொண்டு இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று கையெழுத்துப் போடும் அந்தப் பழைய 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' முறையையே என்சிஏஏ எடுத்துவிட்டிருந்தது. டிவிஷன் மூன்றில் சேரும் இவனுக்கு எப்படியும் அது கிடையாது.

இவன் பள்ளி முடித்த 2025 ஜூனில் வீரர்களுக்குப் பணம் கிடைக்காமல் தடுத்த விதிகளை எதிர்த்து என்சிஏஏ மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி ஏற்றார். ஜூலை 1 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு உச்சவரம்பு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர். கூடைப்பந்தில் 13 என்ற ஸ்காலர்ஷிப் கணக்கு போய், அணிக்கு 15 பேர் என்றானது. அந்தப் பணம் 17 வயதுப் பையன்களைத் தேடி வருமா, போர்ட்டலில் நிற்பவர்களைத் தேடிப் போகுமா? இப்போது பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் சிநேகிதிகள் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

போன வாரம் மகன் விடுதியிலிருந்து போன் பண்ணினான். கல்லூரியைப் பார்க்க வந்த ஒரு பள்ளிப் பையனை இவன் அறையில் ஓர் இரவு தங்கவைத்திருக்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு அந்தப் பையன் மெதுவாகக் கேட்டானாம், கோச் நிஜமாகவே என்னை எடுப்பாரா என்று.

"நீ என்னடா சொன்ன?"

"டிரான்ஸ்கிரிப்ட் கேட்டாரான்னு கேட்டேன்மா."