விலை குறைவான ரவுட்டரில் எங்கே கை வைத்திருப்பார்கள்?

புது ரவுட்டர் தேடும் முன் ஒரு சோதனை. லேப்டாப்பை இப்போதைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) கேபிளால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். திட்டத்தில் சொன்ன வேகம் அங்கேயே வரவில்லை என்றால், கோளாறு வைஃபையில் இல்லை. இணைப்பையோ, கீழே சொல்லும் போர்ட்டையும் கேபிளையுமோ பாருங்கள். கேபிளில் சரியாக வந்து, அறைக்குள் போனதும் வேகம் படுத்துவிட்டால்தான் வைஃபையைக் குறை சொல்லலாம்.

பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருப்பது இரண்டு பேண்டின் (அலைவரிசையின்) வேகத்தையும் எம்பிபிஎஸ்ஸில் கூட்டிய கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும் என்பதால் 1200 யாருக்கும் கிடைக்காது. அந்த 867-இலும், அதே அறையில் உட்கார்ந்தால் பாதிக்குச் சற்று மேலே வரும். அதுவே நல்ல ரவுட்டர்தான்.

விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது போர்ட்டில். இன்டர்நெட் கேபிள் செருகும் வேன் போர்ட் 10/100 என்று இருந்தால், வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஸ்பீடு டெஸ்ட் 94, 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தாராளம். 100-க்கு மேல் என்றால் 10/100/1000 என்று ஸ்பெக் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்; 'அதிவேக ஈதர்நெட்' போன்ற விளம்பர வாசகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜிகாபிட் (10/100/1000) போர்ட் இருந்தும் 94-இல் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். கிரிம்ப்பில் (கேபிள் முனையில் பிளக் அழுத்திய இடத்தில்) ஒரு கம்பி பிடிக்காமல் போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம். ஜிகாபிட் தாங்கும் ஒரு கேட்5இ கேபிளை மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்.

ஆன்டெனாக்களை எண்ணிப் பயனில்லை. நான்கு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு மாடலும் பெரும்பாலும் பேண்டுக்கு 2x2 (அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு பாதை) தான்.

வைஃபை 6 (ஏசிக்கு அடுத்த தலைமுறை, பெட்டியில் ஏஎக்ஸ் என்று இருக்கும்) வாங்குவதென்றால் ஏஎக்ஸ்1500-க்கும் ஏஎக்ஸ்1800-க்கும் உள்ள வித்தியாசம் 2.4 பக்கத்தில்தான், இரண்டிலும் 5 கிகாஹெர்ட்ஸ் 1201. முன்னதில் 2.4 பொதுவாகப் பழைய வைஃபை 4. ஏஎக்ஸ்3000-இன் 2402 வேண்டுமானால் போனும் லேப்டாப்பும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தைத் தாங்க வேண்டும். தாங்காதவற்றுக்கு அதே 1201 தான், கூடுதல் பணம் வீண்.

சுவர் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸ் பலவீனம். இரண்டு கான்கிரீட் சுவருக்கு அப்பால் உள்ள அறைக்கு விலை உயர்ந்த ஒற்றை ரவுட்டரைவிட, ஒரு கேபிள் இழுத்து அங்கே பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) வைப்பதே மேல். மெனுவில் அந்த மோடு இல்லையா? பழையதன் ஐபி முகவரியைப் புதியதோடு மோதாதபடி மாற்றி (புதியது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2), டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இரண்டு பெட்டிக்கும் வேறு வேறு சேனல்.

ஃபைபர் இணைப்புக்கு நிறுவனம் கொடுத்த பெட்டியே ரவுட்டராகவும் வேலை செய்தால், அதன் பின்னால் இன்னொன்றை மாட்டும்போது இரட்டை நாட் உருவாகும், அதாவது இரண்டு பெட்டியும் தனித்தனியாக முகவரி மாற்றும். படம் பார்க்கத் தடை இராது. ஆன்லைன் கேம், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு வழி திறப்பது) சிக்கும். ஒன்று, அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்துவது) மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்போது நிறுவனம் தரும் பிபிபிஓஇ (இணைப்புக்கான லாகின்) பெயர், பாஸ்வேர்ட், தேவையென்றால் விலேன் எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் மாற்றினால் இன்டர்நெட்டே போய்விடும். இல்லையென்றால், புது ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் போட்டால் போதும்.

கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலைத் தேடி, கடைசி அப்டேட் எப்போது என்று பாருங்கள். ஹார்டுவேர் வெர்ஷனும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் வி1, வி2 என்று உள்ளே வேறு சிப் வைத்து விற்பது சாதாரணம். பல வருடமாக அப்டேட் இல்லாத மாடலைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரைப் போடும் எண்ணம் இருந்தால் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இரண்டுக்கும் கீழே இறங்காதீர்கள். வாங்கியதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை (பட்டன் அல்லது பின் எண்ணால் சேரும் வசதி) அணைத்து, வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலந்த மோடில் விடுங்கள். இன்டர்நெட் மட்டும் போதுமான பழைய கருவி ஏதாவது அதிலும் சேர மறுத்தால், அதற்கென்று டபிள்யூபிஏ2-இல் ஒரு கெஸ்ட் நெட்வொர்க்.