பன்னிரண்டு கதிர்கள்

6.10.2024

பாரிசுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர். கடையில் வாங்கினால் ஆகாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆகும்தான். அந்த ஊரில் ஸ்வெட்டருக்குப் பஞ்சமா? ஆனால் மில்லில் தறி ஓட்டி, பாதி நாள் கேட் வாசலில் கொடி பிடித்து நின்ற மனுஷருக்கு மான் படம் போட்ட ஸ்வெட்டரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் தோன்றியது அரிவாள் சுத்தியல். தங்கச்சியிடம் போனில் சொன்னதும் அலறினாள். "ஐயோ அக்கா, பேரனை விடப் பள்ளிக்கூட வாசல்ல அதோட போய் நிப்பார்!" நிற்கட்டுமே, அது பிரான்சுதானே என்றேன். ஆனால் எனக்கே அதில் வேறொரு தயக்கம் உண்டு. கட்சியோடு சண்டை போட்டுச் சித்தப்பா விலகியிருந்த காலமும் உண்டு, திரும்பப் போன காலமும் உண்டு. இப்போது எந்தப் பக்கம் இருக்கிறார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. கட்சி மாறும், சின்னம் மாறும். அவர் ஒருநாளும் மாற்றிப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அதைத்தான் பின்ன வேண்டும்.

10.10.2024

அந்த விஷயம், 1936 ஜூலை 30. எங்கள் புதுச்சேரியின் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, சின்னப் பிள்ளைகளை மில்லில் வேலை வாங்கக் கூடாது. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னால் நின்ற போராட்டம் அது. மறு வருஷமே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஆசியாவிலேயே முதன்முதலில் நம்ம ஊரில்தான் என்று சித்தப்பா மார் தட்டுவார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 1936 ஜூனில்தான் பாரிசில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்து, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் கொடுத்தது. அங்கே அது. அதே கொடியின் கீழ் இங்கே துப்பாக்கி. தாத்தா அப்போது மில்லில் நூல்கண்டு எடுத்துக் கொடுக்கும் பையன். சம்பவத்தைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை, சித்தப்பாதான் பேசுவார்.

ஆக இரண்டு எண்கள்: எட்டும் பன்னிரண்டும். எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நம்முடையது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு சிவப்புக் கதிர், நூற்கிற கதிர்.

13.10.2024

கணக்கு போட்டுப் பார்த்தேன். நாலு மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, அதாவது பின்னல் வளையம், 28 வரிசை வருகிறது. சித்தப்பா மார்பளவு 101 சென்டிமீட்டர் என்று தங்கச்சி அளந்து சொன்னாள். உள்ளே ஒரு சட்டை போட இடம் வேண்டும். 240 கண்ணி போட்டால் 109 சென்டிமீட்டர் கிடைக்கும். 240ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு கதிருக்கு இருபது கண்ணி, மிச்சமே இல்லை. பத்தால் வகுத்தால் 24, அதாவது கீழ் ஓரத்தில் சுற்றி வர 24 எட்டு. மணிக்கு ஒன்று. இந்த இருபத்துநாலு நான் தேடிப் போனதில்லை, தானாக வந்து விழுந்தது.

படம் போடும்போது சாதாரணக் கட்டம் போட்ட நோட்டு உதவாது. கண்ணி அகலத்தில் நாலரை மில்லிமீட்டர், உயரத்தில் மூன்றரை சொச்சம். சதுரக் கட்டத்தில் அழகாக நிற்கிற எட்டு, ஸ்வெட்டரில் யாரோ தலையில் தட்டியது போல் குட்டையாகிவிடும். அதனால் அஞ்சு கட்டம் அகலம், ஒன்பது கட்டம் உயரம்.

17.10.2024

நூல் வந்துவிட்டது. நேரு வீதியில் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் அக்ரிலிக். குழந்தைத் தொப்பிக்கு அது போதும், பாரிஸ் ஜனவரிக்குப் போதாது. லூதியானாவிலிருந்து மெரினோ கம்பளி வரவழைத்தேன்: கருநீலம் 450 கிராம், சந்தன வெள்ளை 100, சிவப்பு 100.

ஏன் கருநீலம் என்றால் அதற்கும் காரணம் உண்டு. புதுச்சேரி மில்கள் முதலில் பேர் வாங்கியது கினி என்கிற நீலத் துணியால். அவுரிச் சாயம் தோய்த்த அந்தத் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, செனகல் பக்கம் போகும். அங்கே பிசின் வியாபாரத்தில் அதைக் காசுக்குப் பதிலாகவே எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கிற ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம்தான் ஞாபகம் வரும். நான் பார்க்காத நீலம், கேள்விப்பட்டதோடு சரி.

நீலத்தின் மேல் நேரே சிவப்பைப் போடக் கூடாது. இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் கதிர் இருப்பதே தெரியாது. அதனால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதன் மேல் சிவப்பு. சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். சாயம் இறங்கவில்லை.

18.10.2024

இன்று கீழூர் நாள். 1954இல் இதே தேதியில் புதுச்சேரியின் 178 பிரதிநிதிகள் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று எட்டுப் பேர். அந்த எட்டுக்கும் என் எட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். சித்தப்பா கேட்டாலும் கேட்பார்.

1.11.2024

புதுச்சேரி விடுதலை நாள். நேற்று தீபாவளி வேறு, ஊரே வெடி வாசனை. காலையில் கொடியேற்றத்தை டிவியில் போட்டுவிட்டுக் கீழ் ஓரத்து எட்டுகளை முடித்தேன். நீலத்தில் வெள்ளை எட்டு. அஞ்சு கண்ணி எட்டு, அஞ்சு கண்ணி இடைவெளி, அதனால் பின்பக்கம் நூல் ஓடுவது குறைவு. வேலை சுகமாகப் போனது.

ஸ்டீல் ஊசியை எடுத்து வைத்துவிட்டேன். இந்தக் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்து ஊசி வழுக்குகிறது, போதாததற்குத் துரு. மூங்கில் ஊசிதான் இங்கே சரி.

17.11.2024

கதிர்ப் பட்டை. இதில்தான் வேலை.

இரண்டு நிறத்தில் பின்னும்போது, முன்னால் தெரியாத நிறம் பின்பக்கம் சும்மா ஓடி வரும். ஒரு கதிர் அஞ்சு கண்ணி என்றால் அடுத்த கதிர் வரை பதினஞ்சு கண்ணிக்குச் சிவப்பு நூல் தொங்கலாக ஓட வேண்டும். ஸ்வெட்டரைப் போடும்போது விரல் மாட்டும், இழுத்தால் முன்பக்கம் சுருங்கும். நடுவில் ஓரிடத்தில் வெள்ளையோடு முறுக்கிப் பிடிக்கலாம், ஆனால் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். கடைசியில் இரண்டு கதிருக்கு நடுவே எள் மாதிரி சிவப்புப் புள்ளிகளைத் தூவிவிட்டேன். நூலும் பிடிபட்டது, பட்டையும் நிறைவாகிவிட்டது.

பையன் பார்த்துவிட்டு, "புள்ளியெல்லாம் யாரும்மா? பேர் தெரியாத தொழிலாளிங்களா?" என்றான். இல்லடா, நூல் தொங்காமல் இருக்க என்றேன். அவனுக்கு ஏமாற்றம். ஒரு டிசைனில் அர்த்தம் வைக்க ஆரம்பித்துவிட்டால் இதுதான் தொல்லை, பொத்தானுக்குக்கூட விளக்கம் கேட்பார்கள்.

1.12.2024

நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டிருக்கிறது. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கருநீலத்தில் கண்ணி எண்ண முடியாது. நூலையெல்லாம் பாலிதீன் பையில் கட்டி பீரோ மேல் வைத்துவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு லைன் போகவில்லை.

6.12.2024

உடம்பு முடிந்தது, இரண்டு கையும் சேர்த்தாகிவிட்டது. வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ரகசியமாக வைத்திருக்கலாம்தான், ஆனால் எழுபத்தாறு வயதுக்காரரிடம் எதற்கு ரகசியம்.

சித்தப்பா கூப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "ஏம்மா, இது என்னன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு, எட்டு எட்டாக வருகிறது என்றேன். "தெரிஞ்சவனுக்கு எதுக்கும்மா சொல்லணும்? தெரியாதவன் கேக்கணும். அதுக்குத்தானே போட்டுக்கறது?" என்றார்.

8.12.2024

இரண்டு நாளாக எனக்கும் அவருக்கும் இதே வழக்கு.

என் பக்கத்துக்கு நார்வேயைக் கூப்பிட்டேன். நாஜிகள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது ஜனங்கள் சிவப்புப் பின்னல் தொப்பி போட்டுத் திரிந்தார்கள். அதில் ஒரு எழுத்து கிடையாது, சின்னம் கிடையாது. ஆனாலும் 1942இல் அதற்குத் தடை வந்தது. வெறும் தொப்பி, எல்லாருக்கும் புரிந்திருக்கிறது பாருங்கள் என்றேன்.

"ஊரே போட்டுச்சு, அதனால புரிஞ்சுது. நான் ஒருத்தன் போட்டா இது வெறும் பூ டிசைன்தான்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அதோடு விடவில்லை. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோது சிவப்புத் துணி இல்லையென்று மகள் புடவையைக் கிழித்துக் கொடி செய்தார் என்று சொல்வார்கள் இல்லையா, அதை ஆரம்பித்தார். "அவர் புடவை பார்டர்ல சின்னதா எட்டுன்னு போட்டுட்டு விட்டாரா? கொடியா தூக்கினாரு." நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.

தங்கச்சி பின்னாலிருந்து, "அப்பா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற மாதிரி பெரிசா எழுதி நெஞ்சுல மாட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. ஆமாம் என்றார்.

எனக்கு இன்னும் அந்த அடக்கமான டிசைன்தான் பிடித்திருக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டு நடமாடப் போவது நானில்லை.

11.12.2024

தேதி போடுவது என்று முடிவாயிற்று. நெஞ்சில், கதிர்ப் பட்டைக்கு மேலே, 30.7.1936. பிரித்துப் பின்ன வேண்டியதில்லை. பின்னி முடித்த கண்ணியின் மேலேயே தையல் ஊசியால் வேறு நிற நூலை அதே வளைவில் ஓட்டினால் அங்கேயே பின்னியது போல் உட்காரும். ஒவ்வொரு எண்ணும் அஞ்சுக்கு ஒன்பது கட்டம், எட்டுகளுக்கு வைத்த அளவே. வெள்ளையில் போடுகிறேன். சிவப்பு நீலத்தில் மறையும் என்று இவருக்கும் விளக்கியாகிவிட்டது, "சரி, வெள்ளைதான், ஆனா பளிச்சுனு" என்று அனுமதி வந்தது.

15.12.2024

அலசிப் போட்டிருக்கிறேன். துண்டில் சுருட்டி ஏறி மிதித்துத் தண்ணீர் எடுத்து, கட்டிலில் அளவு பார்த்து விரித்திருக்கிறேன். இந்த மழை ஈரத்தில் எப்போது காயுமோ. ஃபேன் இரவு பகலாக ஓடுகிறது. வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாசனை, வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

19.12.2024

பக்கத்துத் தெருப் பையன் நாளை சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறான். அவனிடம் கொடுத்தாயிற்று. கூடவே அப்பளம், வடகம், மிளகாய்ப்பொடி. கம்பளியில் வாசனை ஏறாமல் தனிப் பையில் வை என்று இரண்டு தடவை சொன்னேன்.

5.1.2025

சித்தப்பா கூப்பிட்டார். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறதாம், கழுத்து மட்டும் தலையில் நுழையக் கொஞ்சம் யோசிக்கிறதாம். பள்ளிக்கூட வாசலுக்கும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டிக் கடையில் ஒரு அம்மாள் பிறந்த தேதியா என்று கேட்டாளாம். இல்லையென்று தன் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்து, பின்னால் வரிசை நீண்டு போய், தங்கச்சி வந்து இழுத்துக்கொண்டு போகும்படி ஆகியிருக்கிறது.

கீழ் வீட்டுக்காரர் மட்டும் நிறுத்தி முழுக்கக் கேட்டிருக்கிறார். அவர் வடக்கே ஃபூர்மி ஊர்க்காரர், கம்பளி நூற்கிற மில்கள் இருந்த ஊர். 1891 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுக் கூடிய கூட்டத்தை ராணுவம் சுட்டது. ஒன்பது பேர் செத்தார்கள். "அவருக்கும் ஒண்ணு வேணுமாம்மா, காசு கொடுத்துடறேங்கறார்" என்றார் சித்தப்பா. காசு வேண்டாம், நூலை மட்டும் அங்கே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள் என்றேன்.

240 ஒன்பதால் வகுபடாது. 234 என்றால் ஒரு கதிருக்கு 26 கண்ணி, ஆள் ஒல்லியாக இருந்தால் சரிவரும். இல்லாவிட்டால் 252, கதிருக்கு 28. மார்பளவு கேட்டிருக்கிறேன்.