ஏழு வயதுக்கும் நாலரை வயதுக்கும் பாடத்திட்டம் தேடிய ஓராண்டு

பெரியவளுக்கு ஏழு வயது ஆனபோது அவளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். சின்னவனுக்கு அப்போது நாலரை. எந்தப் பாடத்திட்டம் என்பதுதான் உடனே வந்த கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. நடுவில் பணம் போனது. அதைவிட, பெரியவளின் மூன்று மாதம் போனது. இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த மூன்று மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாடத்திட்டத்துக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்தோம். அதை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்தோம். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அநேகமாக அனுமதியே கிடையாது. இங்கிலாந்தில் அனுமதி உண்டு, அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சாஸில் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை, நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் தர வேண்டும். எது கட்டாயம், யாரிடம் என்ன காட்ட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால், மற்றதில் நமக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பலர் இதைப் பார்க்காமலேயே பயந்துபோய், தேவையைவிடப் பெரிய பாடத்திட்டத்தை வாங்கிவிடுகிறார்கள்.

நானும் பெரியதைத்தான் வாங்கினேன். மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஒரே பெட்டியில், ஒரே வகுப்பு எண்ணோடு வந்தன. 36 வாரத்துக்கும் நாள்வாரியாகப் பிரித்திருந்தார்கள். ஆசிரியர் கையேட்டில் கட்டம் கட்டமாக இருக்கும், முடித்த பாடத்துக்கு டிக் போட வேண்டும். மூன்றாவது வாரத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் பாடம் நின்றது. அப்புறம் அந்தக் கட்டங்களை என்னால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. விட்டதைப் பிடிப்பதற்காக ஒரு நாளில் ஒன்றரை நாள் பாடத்தை நடத்தினேன்.

ஆனால் பின்தங்கியது உண்மையான சிக்கல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. வாசிப்பில் அவள் அந்த வகுப்பைத் தாண்டியிருந்தாள். கணக்கில் அந்த வகுப்பு அவளுக்கு எட்டவில்லை. காலையில் முதல் ஒரு மணி நேரம் தெரிந்ததையே படித்துச் சலித்துக்கொள்வாள். அடுத்த ஒரு மணி நேரம் புரியாததோடு மல்லுக்கட்டி அழுவாள். எல்லாப் பாடத்துக்கும் ஒரே எண் போட்டு வரும் பெட்டியில் இது நடக்கத்தான் செய்யும். எந்தப் பிள்ளையும் எல்லாப் பாடத்திலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை.

எனக்கு அப்போது இது தெரியவில்லை. சொல்லித்தரும் முறைதான் தப்பு என்று நினைத்து, இரவெல்லாம் கல்வி முறைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1907-இல் ரோமில் தொடங்கிய மாண்டிசோரி, 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப், இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசனின் வழி என்று ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பு எடுத்தேன். எதைப் படித்தாலும் அதுவே சரி என்று தோன்றியது. மாண்டிசோரி கருவிகள் அழகானவை. ஒரு செ.மீ. முதல் 10 செ.மீ. வரை அடுக்குகிற 10 கட்டைகளைப் பார்த்தாலே கை நீளும். ஆனால் அவை வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்து புழங்கும் அறைக்காக உருவானவை. வீட்டில் இரண்டு பிள்ளைக்காக அத்தனையையும் வாங்கி வைப்பது வேறு கதை. வால்டார்ஃபில் எழுத்தும் வாசிப்பும் ஏழு வயதை ஒட்டித்தான் வரும். எங்களவளோ அதற்குள் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இப்படியே என் தேடல் பெயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறாள் என்று நான் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

அது தெரியவந்தது ஒரு கழித்தல் கணக்கில். 52-இல் 27 போக 35 என்று எழுதியிருந்தாள். அடுத்தது 61-இல் 38. அதற்கு 37 என்று விடை. அதுவரை நான் செய்ததெல்லாம் தப்பு என்று குறித்துவிட்டு, "பக்கத்து எண்கிட்ட கடன் வாங்கு" என்று விதியைத் திரும்பச் சொல்வதுதான். அன்றைக்கு என்னவோ, "எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு" என்று கேட்டேன்.

"ரெண்டுல ஏழு போகாதும்மா. அதனால ஏழுல ரெண்டை எடுத்தேன். அஞ்சு."

கவனக்குறைவு இல்லை. தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறாள், அதை எல்லாக் கணக்கிலும் ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டும், ஒற்றையாக இரண்டு குச்சியும் அவள் முன்னால் வைத்தேன். இதிலிருந்து இருபத்தேழு எடுத்துக் கொடு என்றேன். ஒற்றைக் குச்சிகளை எடுத்தாள், திரும்ப வைத்தாள். ஒரு கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இதைப் பிரிக்கலாமாம்மா?"

பிரித்தாள். ரப்பர் பேண்டை விரலில் மாட்டிக்கொண்டே எண்ணினாள். நாலு கட்டு, பன்னிரண்டு ஒற்றை. ஏழு குச்சியை ஒதுக்கினாள், இரண்டு கட்டை ஒதுக்கினாள். மீதியை எண்ணிவிட்டு, தாளில் இருந்த 35-ஐ அவளே அடித்து 25 என்று எழுதினாள். கடன் என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

பாடத்திட்டத் தேர்வு எனக்கு உண்மையில் அன்றுதான் தொடங்கியது. பெட்டியில் வந்த கணக்குப் புத்தகம் எடுத்த எடுப்பில் எண்ணுக்கும் விதிக்கும் போய்விடும். எங்களுக்கு வேண்டியது பொருள், படம், எண் என்ற வரிசையில் போகும் புத்தகம். இந்த வரிசைக்கு அடிப்படை 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் முன்வைத்த கருத்து. சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப்பள்ளிக் கணக்கை இதன் மேல்தான் கட்டியது. அந்த வழியில் வந்த புத்தகங்கள் இன்று பல பதிப்புகளில் கிடைக்கின்றன. முறையின் பெயரை விட்டுவிட்டு, பிள்ளைக்கு எது தேவை என்பதிலிருந்து தேடியபோது, பத்துப் பதினைந்தாக இருந்த பட்டியல் மூன்றாகச் சுருங்கியது.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்தோம். ஒன்று, பிளேஸ்மென்ட் டெஸ்ட், அதாவது பிள்ளை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டும் தேர்வு. கணக்குப் பாடத்திட்டம் வெளியிடுகிற பலரும் இந்தத் தேர்வை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவளுக்கு வந்த முடிவு, வயதுக்குரிய புத்தகத்துக்கு முந்தைய வகுப்பின் இரண்டாம் பாதி. மனசு கொஞ்சம் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த இடத்திலிருந்து தொடங்கியதால்தான் அவள் அழாமல் கணக்குப் போட்டாள். வகுப்பு எண் கண்ணில் படாமல் இருக்கப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டோம்.

இன்னொன்று, பாடங்கள் வரும் வரிசையை முழுவதும் படித்துப் பார்த்தது. கணக்குப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில், ஒரு கருத்தை வாரக்கணக்கில் எடுத்து முழுசாக முடித்த பிறகே அடுத்தது. இன்னொன்றில், எல்லாக் கருத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப வரும். இதை ஸ்பைரல் என்கிறார்கள். மறதி அதிகமுள்ள பிள்ளைக்கு ஸ்பைரல் நல்லது. ஆனால் அடிப்படையே குழம்பிக் கிடக்கும் பிள்ளைக்கு, இன்று கழித்தல், நாளை கடிகாரம், மறுநாள் அளவை என்று மாறிக்கொண்டே இருந்தால் எதுவும் நிலைக்காது. நாங்கள் முதல் வகையைத் தேர்ந்தெடுத்தோம். பழசு மறக்காமல் இருக்கத் தினமும் ஐந்து நிமிடம் பழைய கணக்கு போடுகிறாள்.

பாடம் நடத்தப்போகிறவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சில கையேடுகளில் ஆசிரியர் பேச வேண்டிய வாக்கியம்கூட எழுதியிருக்கும். சிலவற்றில் நோக்கம் மட்டும் இருக்கும், மற்றதை நாமே யோசித்துத் தயாரிக்க வேண்டும். இரண்டாவது வகைதான் உயர்ந்தது என்று நினைத்திருந்தேன். இரவு தூங்காத நாளில், சின்னவன் மடியில் ஏறிக்கொண்டிருக்கும்போது, என்னால் எதை நடத்த முடியும் என்று கேட்டுப் பார்த்தேன். கணக்குக்கு எழுதி வைத்த வாக்கியங்கள் பெரிய துணை. கதைக்கும் வாசிப்புக்கும் அதே வாக்கியங்கள் எங்கள் பேச்சைக் கொன்றுவிட்டன, அதனால் அங்கே வேண்டாம் என்று விட்டோம்.

கதை விஷயத்தில் மேசன் வழியில் இருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்: பாடம் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஒருமுறை வாசித்ததும் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் இல்லை, கோடிட்ட இடம் இல்லை. முதல் வாரம் பெரியவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். ஒரு மாதத்தில், அவள் சொல்லும்போது விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் திரும்பி, "இல்லக்கா, நரி முதல்ல ஆத்தைத் தாண்டுச்சு" என்று திருத்தினான். அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

தமிழுக்கு எங்கள் மனதுக்குப் பிடித்த பாடத்திட்டம் எதுவும் தயாராகக் கிடைக்கவில்லை, நாங்களே வரிசைப்படுத்தினோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் கற்றாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று படிக்க முடியும். அகர வரிசையை ஒப்பிப்பது வேறு, வாசிக்கத் தொடங்குவது வேறு. பெரியவள் தமிழில் தடுக்கியது எழுத்துக்கு முன்னால் போடும் கொம்பில்தான். 'கடலே' என்பதைக் 'கடேல' என்று படித்தாள். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது, அதனால் கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுகிறாள். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டைத் துண்டில் சேர்த்து எழுதி வெட்டிக் கொடுத்தோம், க, ட, லே என்று மூன்று துண்டு. பத்து நாளில் சரியானது. ஆங்கிலத்துக்கு ஒலிகளை வரிசையாகக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் திட்டம் ஒன்றை எடுத்தோம். அங்கே 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலி, வரிசை இல்லாமல் போனால் பிள்ளை ஊகித்தே படிக்கப் பழகிவிடும்.

சின்னவனுக்கு எதுவும் வாங்கவில்லை. அக்காவுக்குப் புத்தகம் வந்தபோது தனக்கும் வேண்டும் என்று கேட்டான், ஒரு வெற்று நோட்டு கொடுத்தோம். பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியம் தந்தது. கதை கேட்பான், மணலில் விரலால் எழுதுவான், குச்சி எண்ணுவான். நாலரை வயதுக்கு 36 வாரத் திட்டம் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம், வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்போது எதை வாங்குவதானாலும் முதலில் மாதிரிப் பக்கங்களை எடுத்து இரண்டு வாரம் நடத்திப் பார்க்கிறோம். முதல் மூன்று நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, புதுசு என்பதாலேயே எல்லாம் பிடிக்கும். இரண்டாவது வாரத்தின் புதன், வியாழன் எப்படிப் போகிறது என்றுதான் பார்ப்பேன். பெரியவளின் கையெழுத்துக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. வாயால் அரைப் பக்கம் சொல்கிறவள் எழுதச் சொன்னால் மூன்று வரியில் நிறுத்திவிடுகிறாள். அதற்கு இரண்டு மாதிரிகள் எடுத்து வைத்திருக்கிறேன், வருகிற திங்கள்கிழமை ஒன்றைத் தொடங்குகிறோம்.

அந்தப் பெட்டியிலிருந்த கதைப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று தேர்வு வைத்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள் என்று சொன்னேன். பார்த்தார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் எங்களிடமே திரும்பி வந்துவிட்டது.